சுடுகாட்டுப் பூ!

வேலியோரத்திலும் இடுகாட்டு மேட்டிலும் நீர் வார்ப்பாரின்றிப் பூத்து நிற்கும் ஒரு செடி. சுடுகாட்டுப் பூ என்றனர் மக்கள். நித்தியகல்யாணி என வடமொழிப் பெயர் சூட்டி மகிழ்ந்தனர் வேறு சிலர். செடிக்கோ பிறந்தகம் மடகாஸ்கர் தீவு! நுரையீரல் புற்றுநோய்க்கான மருந்தொன்று இதன் இலையினின்று கிடைக்கிறது என்றதும், "எல்லாம் நம் முன்னோர் கண்டதே" என்று மார்தட்டக் கிளம்புகிறது ஒரு கூட்டம். கண்டவர் யார், கண்டது எங்ஙனம்? வரலாற்றைக் கேட்போம்.

ஜமைக்கா தீவின் எளிய மக்கள் இவ்விலையை நீரிழிவுக்குக் கசாயமிட்டுக் குடித்தனர். 1952-இல் அங்கிருந்து 25 இலைகள் ஓர் உறையில் கனடா நாட்டு மருத்துவர் கிளார்க் நோபிளை அடைந்தன. தம் உடன்பிறந்த இராபர்ட் நோபிளின் ஆராய்ச்சிக் கூடத்துக்கு அவற்றை அனுப்பினார் அவர். சாற்றை எலிகளுக்குப் புகட்டினர், சர்க்கரை இறங்கவில்லை. நம் வைதிகராயிருப்பின், எலிக்குப் பக்தி போதாது என்று கூறி ஏட்டை மூடியிருப்பர்! இராபர்ட் நோபிள் மூடவில்லை. ஊசிவழி செலுத்திப் பார்த்தார். எலிகள் நோய்த்தொற்றுக்கு இரையாகி மடிந்தன. ஏன் மடிந்தன என்று துருவியபோது, அவற்றின் வெண்குருதி அணுக்கள் அருகிப் போயிருந்தது தெரிந்தது. அவ்வணுக்கள் கட்டுக்கடங்காது பெருகுவதன்றோ இரத்தப் புற்று! வேதியியலார் சார்லஸ் பீர் துணைநின்று அப்பொருளைப் பிரித்தெடுக்க, 1958-இல் வின்பிளாஸ்டின் உலகறிய வந்தது. உயிரணு இரண்டாகப் பிரிவதற்கு வேண்டிய நுண்ணிழைகளை அது உருவாகவிடாது. பிரிய இயலாத அணு மாய்கிறது.

பின்னர், பிரான்சு நாட்டுப் பியர் பொத்தியே, இலையில் உள்ள இரு பொருள்களை இணைத்துப் புதுவழி கண்டார், பிறந்தது வினொரெல்பின். நுரையீரல் புற்றுக்கு அதனைப் பிரான்சு 1989-இலும் அமெரிக்கா 1994-இலும் ஏற்றன. 2005-இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. அறுவை முடிந்த 482 நோயாளரை இரு அணியாக்கி, ஓரணிக்கு மட்டும் வினொரெல்பினும் சிஸ்பிளாட்டினும் தந்தனர். ஐந்தாண்டு கடந்தும் உயிருடன் இருந்தோர், மருந்து பெற்ற அணியில் நூற்றுக்கு 69 பேர். பெறாத அணியில் 54 பேர். முற்றாக வென்றுவிட்டது என்று நாம் முரசறைய மாட்டோம். ஆயினும், அந்தப் பதினைந்து பேரின் வீடுகளில் எரியும் விளக்கு சிறிதா?

இச்செய்தியை அரைகுறையாய்க் கேட்டு, வேலியோரத்து இலையைப் பறித்து நோயாளிக்குக் காய்ச்சித் தருவோரும் உளர். அச்சாற்றில் எழுபதுக்கு மேற்பட்ட காரப்பொருள்கள் உள்ளன. எலிகளைச் சாய்த்ததும் அவற்றின் வகையே. மருத்துவமனையிலோ, வெண்ணணுக்களை எண்ணிப் பார்த்த பின்னரே, மில்லிகிராம் கணக்கில் அளந்து மருந்தைச் செலுத்துகின்றனர்.