பழுப்புப் பாசிகளின் இனப்பெருக்கமும் பல்சர்க்கரைடுகளும்

பழுப்புப் பாசிகள் என்பவை பெரும்பாலும் கடலில் வாழும், பழுப்பு நிறமிகளைக் கொண்ட பாசி வகுப்பு ஆகும். இவற்றின் உலர் எடையில் பெரும்பகுதி பல்சர்க்கரைடுகளால் ஆனது. இப்பல்சர்க்கரைடுகளின் அளவும் அமைப்பும் இனம், பருவகாலம், வாழிடம் ஆகியவற்றுடன் பாசியின் இனப்பெருக்க நிலையையும் பொறுத்து மாறுபடுகின்றன.

முதன்மையான பல்சர்க்கரைடுகள்

ஆல்ஜினேட்: செல்சுவரின் முக்கியக் கூறு. மானுரானிக் அமிலம், குலுரானிக் அமிலம் ஆகிய இரு அலகுகளால் ஆனது. குலுரானிக் அமிலம் மிகுந்தால் கால்சியத்துடன் சேர்ந்து உறுதியான கூழாகும். குறைந்தால் கூழ் இளகியதாக இருக்கும்.

ஃபியூகாய்டன்: ஃபியூகோஸ் சர்க்கரையும் சல்பேட் தொகுதிகளும் கொண்டது. சுவீடனைச் சேர்ந்த ஹரால்டு கைலின் 1913 ஆம் ஆண்டில் இதனை முதலில் பிரித்தெடுத்தார். பாசியின் வழவழப்பான கோழையில் இது மிகுதியாக உள்ளது.

லாமினரின்: குளுக்கோசினால் ஆன சேமிப்பு உணவு. தாவரங்களில் மாவுப்பொருள் செய்யும் பணியை இது செய்கின்றது.

இனப்பெருக்க உறுப்புகளில் ஏற்படும் மாற்றங்கள்

ஃபியூக்கஸ், ஆஸ்கோஃபில்லம் ஆகிய பேரினங்களில் பாலணுக்கள் கிளைகளின் பருத்த பகுதிகளில் உருவாகின்றன. இப்பகுதிகளின் உட்புறம் கோழையால் நிறைந்திருக்கும். ஆஸ்கோஃபில்லம் நோடோசம் இனத்தின் முதிர்ந்த இனப்பெருக்க உறுப்புகளில் உள்ள ஆல்ஜினேட் ஏறத்தாழ முழுவதும் மானுரானிக் அமிலத்தால் ஆனது. எனவே அது இறுகாமல் நெகிழ்வாக இருக்கின்றது. பாலணுக்கள் வெளியேறிய பின் இவ்வுறுப்புகள் உதிர்ந்துவிடுவதால், அவற்றில் உள்ள பல்சர்க்கரைடுகளையும் பாசி இழக்கின்றது.

ஜப்பானில் வக்காமே என அழைக்கப்படும் உண்டாரியா பின்னாட்டிஃபிடா, தண்டின் அடியில் மடிப்பு மடிப்பான சிதல் இலைகளைத் தோற்றுவிக்கின்றது. இவை முதிர முதிர ஃபியூகாய்டன் அளவு உயர்ந்து, இலைப்பரப்பில் இருப்பதைக் காட்டிலும் பல மடங்காகின்றது. மெக்காபு என்னும் பெயரில் விற்கப்படும் இப்பகுதியே ஃபியூகாய்டன் பிரித்தெடுக்கப் பெரிதும் பயன்படுகின்றது.

கருவுற்ற பின்

ஃபியூக்கஸ் முட்டைக்குச் செல்சுவர் இல்லை. கருவுற்ற சில நிமிடங்களில் ஆல்ஜினேட் சேர்ந்து சுவர் உருவாகத் தொடங்குகின்றது. பின்னர் சல்பேட் ஏற்றப்பட்ட ஃபியூகாய்டன் வகைப் பொருள், வேர்போன்ற பகுதி முளைக்கும் முனையில் படிகின்றது. இளம் பாசி அலைகளால் அடித்துச் செல்லப்படாமல் பாறையில் ஒட்டிக்கொள்ள இது உதவுகின்றது.

அளவீட்டில் கவனிக்க வேண்டியவை

பல்சர்க்கரைடு அளவு பொதுவாக உலர் எடையின் விழுக்காடாகக் குறிக்கப்படுகின்றது. ஒரு கூறு மிகும்போது மற்றவற்றின் விழுக்காடு, அவற்றின் உண்மையான அளவு மாறாவிட்டாலும், குறைந்து காணப்படும். மேலும் கெல்ப் வகைகளில் லாமினரின் கோடையிலும் இலையுதிர் காலத்திலும் சேர்ந்து, குளிர்காலத்தில் செலவாகின்றது. எனவே பருவத்தின் விளைவையும் இனப்பெருக்கத்தின் விளைவையும் பிரித்தறிய, ஒரே நாளில் எடுத்த ஒரே பாசியின் வளமான பகுதியையும் வளமற்ற பகுதியையும் ஒப்பிடுதல் வேண்டும்.

அறுவடையில் முக்கியத்துவம்

தமிழ்நாட்டில் மன்னார் வளைகுடாக் கரையோரத்தில் கட்டக்கோரை எனப்படும் சர்காசமும், பக்கோடா பாசி எனப்படும் டர்பினேரியாவும் ஆல்ஜினேட் தயாரிப்பிற்காகச் சேகரிக்கப்படுகின்றன. நன்கு வளர்ந்த பாசியே மிகுந்த எடை தரும். ஆனால் அடுத்த தலைமுறைக்கான முட்டைகளைத் தாங்கி நிற்பதும் அதுவே. முட்டைகள் வெளியேறும் முன் பாசியை அடியோடு பிடுங்கினால் மறுவளர்ச்சி பாதிக்கப்படும். பற்றுறுப்பையும் தண்டின் அடிப்பகுதியையும் பாறையில் விட்டு, மேற்பகுதியை மட்டும் அறுத்தால் அதிலிருந்து புதிய கிளைகள் துளிர்க்கும். ஆகவே அறுவடைக் காலத்தை முடிவு செய்யும்போது கிடைக்கும் ஆல்ஜினேட்டின் அளவோடு இனப்பெருக்க நிலையும் கருத்தில் கொள்ளப்படுதல் அவசியமாகும்.