முறைசார் மீளாய்வுத் தலைப்புகளின் வரலாறு

முறைசார் மீளாய்வு என்பது, ஒரு மருத்துவக் கேள்வி குறித்து நடந்த ஆய்வுகளை முன்கூட்டியே வகுத்த முறைப்படி தேடி, தரம் பார்த்து, அவற்றின் முடிவுகளைத் தொகுக்கும் ஆய்வு ஆகும். தரவுத்தளத்தில் தேடும் மருத்துவர் முதலில் காண்பது அதன் தலைப்பையே. தலைப்பு தெளிவற்றிருந்தால் நல்ல சான்றும் கண்ணில் படாமல் போகலாம்.

தொடக்கம்

இசுக்காட்லாந்து மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட் 1753 இல் ஸ்கர்வி நோய் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். நோயின் தன்மை, காரணம், சிகிச்சை ஆகியவற்றோடு, அதுவரை வெளிவந்த எழுத்துகளின் திறனாய்வும் நூலில் உண்டு என்பதை அதன் நீண்ட தலைப்பே அறிவித்தது.

இருபதாம் நூற்றாண்டில் மருத்துவ இதழ்களின் மீளாய்வுக் கட்டுரைகள் பல, நோயின் பெயரை மட்டுமே தலைப்பாகக் கொண்டிருந்தன. உள்ளே இருப்பது ஆசிரியரின் கருத்தா, எல்லாச் சான்றுகளின் தொகுப்பா என்பது தலைப்பிலிருந்து விளங்கவில்லை. சிந்தியா மல்ரோ நான்கு முன்னணி இதழ்களில் வந்த 50 மீளாய்வுகளை ஆராய்ந்து, 1987 இல் முடிவுகளை வெளியிட்டார். சான்றுகளைத் தேடித் தேர்ந்த முறையைத் தெளிவாகக் கூறியது அவற்றுள் ஒன்றே.

காக்ரேன் வடிவம்

1993 இல் நிறுவப்பட்ட காக்ரேன் அமைப்பு, தலைப்புகளுக்கு ஒரு சீரான வடிவம் தந்தது. இன்ன நோய்க்கு இன்ன சிகிச்சை என்பதே அதன் அடிப்படை. சாதாரண சளியைத் தடுக்கவும் குணப்படுத்தவும் உயிர்ச்சத்து சி பயன்படுமா என ஆராய்ந்த மீளாய்வின் தலைப்பில் மருந்து, நோக்கம், நோய் ஆகிய மூன்றும் உள்ளன. தேவைப்படும்போது நோயாளர் யார் என்பதும் சேர்க்கப்படும். குறைப்பிரசவ ஆபத்துள்ள பெண்களுக்கான ஸ்டீராய்டு மருந்து பற்றிய மீளாய்வு இதற்கு எடுத்துக்காட்டு.

இவ்வடிவம் கேள்வியைச் சொல்கிறது, விடையைச் சொல்வதில்லை. காக்ரேன் மீளாய்வுகள் புதிய ஆய்வுகள் வரும்போது புதுப்பிக்கப்படுகின்றன. விடை மாறினாலும் தலைப்பு பொருந்தி நிற்கும்.

அறிக்கை நெறிமுறைகள்

1999 இல் வெளியான குவோரம் நெறிமுறையும், அதன் வழிவந்த 2009 ஆம் ஆண்டின் பிரிஸ்மாவும் தலைப்பையே முதல் அம்சமாக வைத்தன. கட்டுரை முறைசார் மீளாய்வா, மெட்டா பகுப்பாய்வா, இரண்டுமா என்பதைத் தலைப்பிலேயே கூறவேண்டும் என்றது 2009 ஆம் ஆண்டுப் பிரிஸ்மா. 27 அம்சங்கள் கொண்ட பிரிஸ்மா 2020, முறைசார் மீளாய்வு என அடையாளப்படுத்துவதைக் கட்டாயமாக வைத்துக்கொண்டது. இதனால் தனிமனிதக் கருத்துரையையும் முறையாகத் திரட்டிய சான்றையும் வாசகர் முதல் வரியிலேயே பிரித்தறிய முடிகிறது.