பல்வெட்டிலிருந்து மறைகுறிக்கு: ஸ்போர்ட்ஸ் கார்ச் சாவியின் வரலாறு

கார்ச் சாவி நெடுங்காலம் வெறும் உலோகத் துண்டாகவே இருந்தது. சாவியைத் திருப்பினாலே எஞ்சின் இயங்கும் ஏற்பாட்டை 1949இல் கிரைஸ்லர் நிறுவனம் கொண்டுவந்த பிறகும், சாவிக்குள் இருந்த ஒரே ரகசியம் அதன் விளிம்பில் வெட்டப்பட்ட பற்களின் வடிவம்தான். அரமும் பொறுமையும் உள்ள எவரும் அதைப் படியெடுத்துவிட முடிந்தது. உலோகத்தின் மீதிருந்த நம்பிக்கை மின்னணு எண்ணின் மீது இடம்பெயர்ந்தது 1980களிலும் 1990களிலும்தான். அந்த இருபது ஆண்டுகளில் பிறந்த ஸ்போர்ட்ஸ் கார்கள் இப்போது சேகரிப்போர் தேடும் கிளாசிக் கார்களாகிவிட்டதால், அவற்றின் ரிமோட் சாவிகளைப் பழுதுபார்ப்பதும் மேம்படுத்துவதும் தனியொரு சிறுதொழிலாக வளர்ந்துள்ளது.

ரிமோட்டின் தொடக்கம் பிரான்சில். 1982இல் ரெனோ நிறுவனத்தின் ஃபுயேகோ என்னும் கூப்பே காரில், தொலைவிலிருந்தே கதவுகளைப் பூட்டித் திறக்கும் கருவி இடம்பெற்றது. அதை உருவாக்கிய போல் லிப்ஷுட்ஸின் பெயரை ஒட்டி அது ‘ப்ளிப்’ எனப்பட்டது. அது அகச்சிவப்புக் கதிரால் இயங்கியதால், காரிலுள்ள உணர்கருவியை நேராகக் குறிபார்த்தே பொத்தானை அழுத்தவேண்டியிருந்தது. பின்னர் வந்த ரேடியோ அலை அந்தக் கட்டாயத்தை நீக்கினாலும் வேறொரு சிக்கலைக் கொண்டுவந்தது: ஐரோப்பாவில் 433.92 மெகாஹெர்ட்ஸும் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் 315 மெகாஹெர்ட்ஸும் வழக்கமாயின. ஒரு கண்டத்திலிருந்து மறு கண்டத்துக்குக் கப்பலேறிய காருக்குப் புதிய ஊரில் வாங்கும் ரிமோட் பொருந்தாமல் போவதற்கு இன்றும் இதுவே காரணம்.

அமெரிக்காவில் தேடல் வேறு திசையில் சென்றது. திருடர்களுக்கு மிகவும் பிடித்த காராக இருந்த செவ்ரோலே கார்வெட்டுக்கு 1986ஆம் ஆண்டு மாடலில் ஜெனரல் மோட்டார்ஸ் அளித்த சாவியின் உலோகப் பரப்பில் ஒரு சிறிய மின்தடை, அதாவது மின்னோட்டத்தைக் குறிப்பிட்ட அளவுக்கு மட்டும் அனுமதிக்கும் பொருள், பதிக்கப்பட்டிருந்தது. ஏறத்தாழ 400 ஓம் முதல் 11,800 ஓம் வரையிலான 15 மதிப்புகளுள் ஒன்று ஒவ்வொரு காருக்கும் உரியதாயிற்று. தவறான மதிப்புள்ள சாவியைச் செருகினால் சில நிமிடங்கள் காத்திருந்துதான் மீண்டும் முயல முடியும். பதினைந்தே மதிப்புகள் என்பது இன்று சிரிப்பை வரவழைக்கலாம். ஆனால் தெருவோரத்தில் அவசரத்தில் நிற்கும் திருடனுக்கு அந்தக் காத்திருப்பே பெருந்தடை. இந்த ஏற்பாட்டின் பலவீனம் கணக்கில் இல்லை, கம்பியில் இருந்தது: பூட்டுருளையிலிருந்து செல்லும் இரு மெல்லிய கம்பிகள், சாவி திரும்பும் ஒவ்வொரு முறையும் சேர்ந்து முறுகி, ஆண்டுகள் கழித்து அறுந்துவிட, உரிமையாளரின் சொந்தச் சாவியையே கார் ஏற்க மறுத்தது. 1993இல் அதே கார்வெட்டுக்கு, பொத்தானை அழுத்தாமலே, உரியவர் நெருங்கும்போது கதவைத் திறக்கும் ரிமோட் வந்தது.

தொடக்ககால ரேடியோ ரிமோட்டுகள் பல, ஒவ்வொரு அழுத்தத்துக்கும் ஒரே குறியையே அனுப்பின. அருகில் நின்று அதைப் பதிவுசெய்துகொண்டவர் பின்னர் அதையே ஒலிபரப்பிக் கதவைத் திறக்கலாம். இதற்கு விடையாக வந்தது ‘ரோலிங் கோட்’ எனப்படும் மாறும் குறி: ரிமோட்டிலும் காரிலும் ஒரே எண்ணி ஓடிக்கொண்டிருக்க, ஒவ்வொரு அழுத்தத்திலும் அந்த எண்ணிக்கை ஒரு ரகசியத் திறவெண்ணால் மறைகுறியாக்கப்பட்டு அனுப்பப்படும், பழைய குறியைக் கார் மறுபடி ஏற்காது. இவ்வகையில் பெரும்புகழ் பெற்ற கீலாக், 1980களில் தென்னாப்பிரிக்காவின் நானோடெக் நிறுவனத்தில் உருவாகி, 1995இல் அமெரிக்காவின் மைக்ரோசிப் நிறுவனத்தின் கைக்கு மாறியது. அதன் 64 பிட் திறவெண் அன்று போதுமானதாகத் தோன்றியது. 2008இல் ஜெர்மனியின் போஹும் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சில்லு உட்கொள்ளும் மின்சாரத்தின் ஏற்ற இறக்கத்தை அளந்தே அந்தத் திறவெண்ணை மீட்டுக் காட்டினர்.

கதவைக் காப்பதைவிட எஞ்சினைக் காப்பதே பயன் தரும் என்பதை வலியுறுத்தியவை காப்பீட்டு நிறுவனங்கள். அவற்றின் நெருக்குதலாலும் தொடர்ந்து வந்த சட்டங்களாலும் 1990களில் இம்மொபிலைசர், அதாவது சரியான குறி கிடைக்காதவரை எஞ்சினை இயங்கவிடாத மின்னணுப் பூட்டு, ஐரோப்பாவில் பரவி, 1998இல் ஜெர்மனியிலும் பிரிட்டனிலும் புதிய கார்களுக்குக் கட்டாயமானது. சாவியின் தலைப்பகுதிக்குள் பேட்டரியே இல்லாத டிரான்ஸ்பாண்டர் என்னும் சிறு சில்லு வைக்கப்பட்டது. பூட்டைச் சுற்றியுள்ள கம்பிச்சுருளின் காந்தப்புலத்திலிருந்தே மின்சாரம் பெற்று, அது தன் அடையாள எண்ணைக் கூறும். 1995இல் வந்த ஃபியட் பார்கெட்டாவுடன், புதிய சாவிகளைக் காருக்கு அறிமுகப்படுத்தவென்றே ஒரு சிவப்புச் சாவி தரப்பட்டது. அதைத் தொலைத்தவர் இன்னொரு சாவி சேர்க்க முடியாமல், கட்டுப்பாட்டுப் பெட்டிகளையே மாற்ற நேர்ந்தது. அதே ஆண்டின் எம்.ஜி.எஃப். காரிலோ, எஞ்சினுக்கு அனுமதி தரும் பொறுப்பு லூகாஸ் நிறுவனத்தின் அலாரப் பெட்டியிடமும் அதற்குரிய ரிமோட்டிடமும் விடப்பட்டது.

முப்பது ஆண்டுகளில் எஞ்சினைவிட விரைவாக முதுமையடைந்தது இந்த ரிமோட்தான். ரப்பர்ப் பொத்தான் வெடிக்கிறது, அதன் கீழுள்ள நுண்சுவிட்ச் தேய்கிறது, கீழே விழுந்த அதிர்ச்சியில் பற்றவைப்பு விரிசல் காண்கிறது. மேம்பாட்டுப் பணியின் முதற்படி, உள்ளிருக்கும் மின்சுற்றுப் பலகையை அப்படியே வைத்துக்கொண்டு, சுவிட்சையும் மேலுறையையும் மட்டும் புதுப்பிப்பது. இதில் அடிக்கடி நேரும் பிழை, பழைய உறையின் மூலையில் ஒட்டிக்கிடக்கும் அரிசி அளவு டிரான்ஸ்பாண்டர் சில்லைக் கவனியாமல் உறையைக் குப்பையில் எறிந்துவிடுவது. கதவு திறக்கும், எஞ்சின் மட்டும் அசையாது. இரண்டாம் படி, காரிலுள்ள ஏற்பிப் பெட்டியையும் சேர்த்துப் புதிய தலைமுறைக்கு மாற்றுவது. அப்போது அலாரச் சங்கின் தனிப் பேட்டரி கசிந்து சுற்றை அரித்திருக்கிறதா என்பதையும் பார்ப்பது அறிவுடைமை.

அசல்தன்மையைப் போற்றுவோர் இத்தகைய மாற்றங்களை ஐயத்துடன் பார்ப்பதில் நியாயம் உண்டு. எனினும் ஒரே குறியை மீண்டும் மீண்டும் ஒலிபரப்பும் ரிமோட்டை, அது தொழிற்சாலையிலேயே வந்தது என்பதற்காகக் காப்பாற்றி வைப்பதில் பொருளில்லை. பழைய ரிமோட்டையும் பெட்டியையும் காரின் ஆவணங்களோடு பத்திரப்படுத்தி, கம்பிகளை வெட்டாமல் இணைப்பிகள் வழியே புதியதைப் பொருத்தினால் அசல் நிலைக்கு எப்போதும் திரும்பலாம். சாவித் தொல்லை தீரட்டும் என்று இம்மொபிலைசரையே நீக்கிவிடும் வழக்கமும் சில பட்டறைகளில் உண்டு. காப்பீட்டுக்கே சிக்கலாகக்கூடிய அந்த வேலையை மேம்பாடு என்று சொல்ல இயலாது.