சில்லுப் போட்டி: தள்ளுபடியும் தாமதமும்

பாரிஸின் லாச்சப்பல் பகுதியில் அருகருகே உள்ள இரு தமிழ்க் கடைகளில் ஒன்று அரிசி மூட்டையின் விலையைக் குறைத்தால், அது போட்டி. அரிசி மொத்த வியாபாரி ஒருவர், மற்றவரின் அரிசியை வைக்கக்கூடாது என்று கடைக்காரருக்குப் பணம் கொடுத்தால், அது வேறு விவகாரம். கணினிச் சில்லுத் தயாரிப்பாளரான இன்டெல் மீது ஐரோப்பிய ஆணையம் எடுத்த நடவடிக்கை, இவ்விரண்டுக்கும் இடையிலான எல்லை பற்றியதுதான்.

வெளிப்படையான போட்டியில் இன்டெல்லும் ஏ.எம்.டி.யும் ஒன்றுக்கொன்று சளைத்தவை அல்ல. 2000 மார்ச் 6 அன்று ஏ.எம்.டி. ஒரு கிகாஹெர்ட்ஸ் வேகச் சில்லை 1,299 டாலர் விலையில் அறிவித்தது. இரண்டே நாட்களில் இன்டெல் தனது சில்லை 990 டாலருக்கு அறிவித்தது. ஆனால் அதே கோடையில் அவசரமாக வெளியிட்ட 1.13 கிகாஹெர்ட்ஸ் சில்லை அது திரும்பப் பெற நேர்ந்தது.

2009 மே மாதம் 106 கோடி யூரோ அபராதம் விதித்த ஆணையம் சுட்டிக்காட்டியதோ, விலைப்பட்டியலில் தெரியாத ஏற்பாடுகளை. எச்.பி. நிறுவனத்துக்கு ஏ.எம்.டி. 10 லட்சம் சில்லுகளை இலவசமாகவே தர முன்வந்தது. எச்.பி. எடுத்துக்கொண்டது 1,60,000 மட்டுமே. கூடுதலாக எடுத்தால், தான் பெருமளவில் வாங்கும் இன்டெல் சில்லுகளுக்கான தள்ளுபடி பறிபோய்விடும் என்பதே காரணம் என்றது ஆணையம். இலவசத்தையே மறுக்க வைக்கும் தள்ளுபடியை வெறும் விலைக்குறைப்பு என்று கொள்வது கடினம்.

ஏசர் தனது ஏ.எம்.டி. மடிக்கணினியை 2003 செப்டம்பரிலிருந்து 2004 ஜனவரிக்குத் தள்ளிப்போட்டது. இடையில் கிறிஸ்துமஸ் விற்பனைக் காலம் கடந்துவிட்டது. லெனோவோவும் 2006ல் இவ்வாறே தாமதித்தது. அக்காலத்தில் பிரான்ஸிலும் கடைகள் நடத்திய மீடியா சட்டர்ன் குழுமம், இன்டெல் சில்லுள்ள கணினிகளை மட்டுமே விற்பதற்காகப் பணம் பெற்றது என்றும் ஆணையம் கூறியது. தனது தள்ளுபடிகள் நியாயமான போட்டியே என்று இன்டெல் வாதிட்டது.

2009 நவம்பரில் 125 கோடி டாலர் கொடுத்து ஏ.எம்.டி.யுடனான பிணக்கை இன்டெல் தீர்த்துக்கொண்டது. ஆணையத்துடனான வழக்கோ நீண்டது. தள்ளுபடிகள் போட்டியாளரை வெளியேற்றக்கூடியவை என்பது உரிய முறையில் நிறுவப்படவில்லை என்று கூறி, ஐரோப்பியப் பொது நீதிமன்றம் 2022ல் அபராதத்தை ரத்துச் செய்தது. 2024 அக்டோபரில் மேல் நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. ஆனால் எச்.பி., ஏசர், லெனோவோ ஆகியவற்றின் ஏ.எம்.டி. கணினிகளைத் தடுக்கவும் தாமதப்படுத்தவும் கொடுத்த பணம் சட்டவிரோதம் என்ற முடிவு நிலைத்தது. அதற்காக மட்டும் 2023 செப்டம்பரில் ஆணையம் ஏறத்தாழ 37 கோடியே 60 லட்சம் யூரோ அபராதத்தைப் புதிதாக விதித்தது. ஏசரின் அந்த மடிக்கணினி கடைக்கு வந்து அப்போது ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன.