லாரி வரக்கூடாத சாலை: அமெரிக்கப் பார்க்வேயின் கதை

வணிகவியல் படிக்கிறவர்களுக்குச் சாலை என்றதும் சரக்குப் போக்குவரத்துதான் நினைவுக்கு வரும். ஆனால் சரக்கு வண்டியே வரக்கூடாது என்று போட்ட சாலைகளும் உண்டு நண்பர்களே! அமெரிக்காவில் அவற்றுக்குப் பார்க்வே என்று பெயர். இந்தக் கட்டுரையில் அவற்றைப் பற்றிக் கொஞ்சம் பார்ப்போம்.

நியூயார்க்கில் பிராங்க்ஸ் ஆறு ஒரு காலத்தில் சாக்கடையாகிக் கிடந்தது. அதைச் சுத்தம் செய்து கரையோரம் பூங்கா அமைக்க 1907-ல் ஓர் ஆணையம் ஏற்பட்டது. அந்தப் பூங்கா வழியே போட்ட பிராங்க்ஸ் ரிவர் பார்க்வே 1925-ல் முடிந்தது. மரங்களைப் பார்த்தபடி நிதானமாகக் காரில் போவதற்கான சாலை அது. சரக்கு வண்டிகளுக்கு இடமில்லை. கார் மட்டும்தான் போகும் என்றால் குறுக்கே வரும் பாலங்கள் உயரமாக இருப்பானேன்? பின்னால் வந்த பார்க்வேக்களிலும் அழகான, தாழ்வான பாலங்களைக் கட்டினார்கள்.

இதில் ஒரு பெரிய சர்ச்சையும் உண்டு. லாங் ஐலண்டில் பார்க்வேக்களை அமைத்தவர் ராபர்ட் மோசஸ். பஸ்ஸில் வரும் ஏழைகளும் கறுப்பினத்தவரும் கடற்கரைப் பூங்காக்களுக்கு வராமல் தடுக்கவே அவர் பாலங்களைத் தாழ்த்தினார் என்று ராபர்ட் கேரோ 1974-ல் வெளியான 'தி பவர் புரோக்கர்' நூலில் எழுதினார். பஸ்ஸுக்குத்தான் விதியிலேயே தடை இருந்ததே, பாலம் எதற்கு என்று பிற்கால ஆய்வாளர்கள் சிலர் கேட்டார்கள். விதியை யாரும் மாற்றிவிடலாம், கட்டிய பாலத்தை மாற்றுவது கடினம் என்பதே அந்நூல் தரும் விளக்கம்.

நோக்கம் எதுவானாலும் பாலங்கள் அப்படியே நிற்கின்றன. பாஸ்டனில் 1951-ல் திறந்த ஸ்டாரோ டிரைவும் இந்த வகைதான். ஹெலன் ஸ்டாரோ என்ற பெண்மணி ஆற்றங்கரைப் பூங்காவுக்கு 10 லட்சம் டாலர் கொடுத்தார். அங்கே சாலை வரக்கூடாது என்று எதிர்த்தவரும் அவரே. 1944-ல் அவர் இறந்தபின் சாலை வந்தது, அவர் குடும்பப் பெயரிலேயே!

அந்தச் சாலையில் பாலங்களின் உயரம் சுமார் 10 அடி. வாடகைக்குக் கிடைக்கும் பெரிய லாரிகளோ 12 அடிக்குக் குறையாது. பாஸ்டனில் பெரும்பாலான வாடகை ஒப்பந்தங்கள் செப்டம்பர் 1-ல் தொடங்குவதால் மாணவர்கள் அன்று வீடு மாறுகிறார்கள். 'கார்கள் மட்டும்' என்ற பலகையைக் கவனிக்காமல் நுழையும் லாரியின் கூரை பாலத்தில் மாட்டிக் கிழிகிறது. இதற்கென்றே 'ஸ்டாரோவிங்' என்று ஊர்க்காரர்கள் ஒரு சொல்லை உண்டாக்கிவிட்டார்கள்.

எல்லாப் பார்க்வேக்கும் ஒரே விதி இல்லை. நியூயார்க் பார்க்வேக்களில் காருக்குப் பின்னால் டிரெய்லர் இழுத்துச் செல்லவே தடை. 1935-ல் தொடங்கி 1987-ல் முடிந்த 469 மைல் நீளமுள்ள புளூ ரிட்ஜ் பார்க்வேயில் சுற்றுலா டிரெய்லர் போகலாம், சரக்கு லாரி போகக்கூடாது. அங்குள்ள 26 சுரங்கப்பாதைகளின் உயரம் ஒவ்வொன்றுக்கும் வேறுபடும். டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இணைப்புக் கொக்கியின் மீது அமரவேண்டும். பாரம் பின்பக்கம் கூடினால் வேகத்தில் டிரெய்லர் வாலாட்டும்.

ஆகவே வண்டியை எடுக்கும் முன் பாரத்தோடு சேர்த்து உயரத்தை அளந்துகொள்ள வேண்டும். காரில் உல்லாசமாகப் போகிறவர்களை மட்டும் மனத்தில் வைத்துச் சாலை போட்டார்கள் அன்று. அதற்கான விலையை இன்றும் கொடுப்பவர்கள், மூட்டை முடிச்சோடு வீடு மாறுகிறவர்கள்தான்.