தோடி இசைத்தட்டும் 44,100 என்ற எண்ணும்

திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் (1898–1956) நாகஸ்வரத் தோடி, தஞ்சாவூர்ச் சீமை வீடுகளுக்குக் கிராமபோன் தட்டாகத்தான் வந்தது. அதைக் கணினியில் ஏற்ற உட்காரும் பேரப்பிள்ளையிடம் மென்பொருள் கேட்கும்: 44,100-ஆ, 48,000-ஆ, 96,000-ஆ? ஒலியை நொடிக்கு எத்தனை முறை அளந்து எழுதுவது என்ற கணக்கு அது.

44,100 வந்த கதை வேடிக்கை. எழுபதுகளின் கடைசியில் டிஜிட்டல் ஒலியைப் பதிய வீடியோ டேப்பைத்தான் பிடித்தார்கள். படத்தின் ஒரு வரியில் 3 அளவுகள். ஜப்பான் முறையில் 245 வரி, நொடிக்கு 60 தடவை. நம் தூர்தர்ஷன் முறையில் 294 வரி, 50 தடவை. பெருக்கிப் பாருங்கள், இரண்டும் 44,100! 1982-இல் வந்த சிடிக்கும் அதுவே நிலைத்தது. காது கேட்கும் உச்சம் ஏறக்குறைய 20,000 அதிர்வு. அதன் இரு மடங்குக்குச் சற்று மேல் அளந்தால் போதும். (நம் வயதில் அதில் பாதி கேட்டாலே பாக்கியம்.) சினிமாவுக்கும் வீடியோவுக்கும் 48,000.

பிறகு 96,000 எதற்கு? தோடிக்காக அல்ல, கீறலுக்காக. தட்டின் 'டக் டக்' சத்தத்தில் காதுக்கு எட்டாத உயரமும் உண்டு. அதையும் பிடித்து வைத்தால் மென்பொருளுக்குக் கீறலைப் பிரித்தெடுப்பது சுலபம். ஊசி ஓடும் ஒவ்வொரு முறையும் தட்டு தேய்கிறது. ஆகவே ஒரே தடவை, 96,000-இல் எடுத்து, கை வைக்காமல் பத்திரப்படுத்துங்கள். சிடிக்கு அதிலிருந்து 44,100-இல் நகல் போடலாம். 44,100-இல் எடுத்துவிட்டுப் பிறகு 96,000 ஆக்கினால் கோப்புதான் பருக்கும்.