கிரின்னெல் வணிகர் தேசிய வங்கிக் கட்டடம்: பயனும் வடிவமும்

முன்னுரை

கட்டடத்தின் வடிவத்தை அதன் பயனே தீர்மானிக்க வேண்டும் என்னும் கொள்கையை 1896இல் எழுதிய கட்டுரையொன்றில் முன்வைத்தவர் அமெரிக்கக் கட்டடக்கலைஞர் லூயி சல்லிவன் (1856-1924). இருபதாம் நூற்றாண்டுக் கட்டடக்கலையின் அடிப்படைக் கோட்பாடுகளுள் ஒன்றாக அது நிலைபெற்றது. அவ்வாறாயின், பயன் நீங்கிய பின்னர் வடிவத்துக்கு எஞ்சும் பொருள் யாது? அயோவா மாநிலத்தின் கிரின்னெல் என்னும் சிற்றூரில் அவர் வடிவமைத்து 1914இல் எழுந்த வணிகர் தேசிய வங்கிக் கட்டடம் இவ்வினாவை எழுப்புகின்றது. வங்கி வெளியேறிவிட்டது, கட்டடம் நிற்கின்றது. அதற்கான காரணத்தைக் கட்டடத்தின் அமைப்பையும் காலச் சூழலையும் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஊரும் காலமும்

கிரின்னெல், 1854இல் ஜோசியா கிரின்னெல் என்னும் கிறித்தவப் போதகரால் நிறுவப்பட்டது. 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலும் அதன் மக்கள்தொகை பத்தாயிரத்தை எட்டவில்லை. மக்காச்சோளமும் கால்நடையும் அப்பகுதியின் செல்வம். 1909 முதல் 1914 வரையிலான ஆண்டுகளில் அமெரிக்க உழவரின் விளைபொருளுக்கு நல்ல விலை கிடைத்தது. 1933ஆம் ஆண்டு வேளாண் சட்டம் விளைபொருளின் நியாய விலையைக் கணக்கிட இவ்வாண்டுகளையே அளவுகோலாகக் கொண்டது என்பதிலிருந்து அவற்றின் சிறப்பை உணரலாம். உழவர் கையில் சேமிப்புப் பெருகியது. சிற்றூர் வங்கிகள் புதிய கட்டடங்களை நாடின.

அதே காலத்தில் சல்லிவனின் வாழ்வு சரிந்துகொண்டிருந்தது. செயிண்ட் லூயி நகரத்து வெயின்ரைட் கட்டடம் முதலியவற்றால் உயர்மாடக் கட்டடக்கலைக்கு இலக்கணம் வகுத்தவர் அவர். 1893ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியும், 1895இல் கூட்டாளி டாங்மார் ஆட்லர் பிரிந்தமையும் அவரை நிலைகுலையச் செய்தன. பெருநகரம் கைவிட்ட கலைஞரைச் சிற்றூர்களே அழைத்தன. 1906க்கும் 1919க்கும் இடையில் மத்திய மேற்குப் பகுதியின் ஊர்களில் அவர் வடிவமைத்த எட்டுச் சிறு கட்டடங்கள் 'அணிகலப் பேழைகள்' எனப் போற்றப்படுகின்றன. கிரின்னெல் வங்கி அவற்றுள் ஒன்று.

கட்டட அமைப்பு

அக்கால அமெரிக்க வங்கிகள் பல கிரேக்க, உரோமானியக் கோயில்களின் தூண் முகப்பை மேற்கொண்டன. 1893ஆம் ஆண்டுச் சிக்காகோ உலகக் கண்காட்சி இப்போக்கை வலுப்படுத்தியது. குடியாட்சி நாட்டின் மக்கள் பழைய பேரரசுகளின் கோலத்தை இரவல் வாங்குவது பொய்மை என்பது சல்லிவனின் கருத்து. எனவே கிரின்னெல் வங்கியில் தூண் முகப்பு இல்லை. எளிய செங்கற் பெட்டியொன்று தெருமுனையில் அமர்ந்திருக்கின்றது.

அப்பெட்டியின் முகப்பில் வாயிலுக்கு மேல் சுடுமண்ணால் ஆன பேரலங்காரம் ஒன்று விளங்குகின்றது. வட்டமும் சதுரமும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்னிக் கிடக்க, நடுவே வண்ணக் கண்ணாடி பதித்த வட்டச் சாளரம் அமைந்துள்ளது. வாயிலின் இருமருங்கிலும் சிறகுடைய சிங்க உருவங்கள் காவல் நிற்கின்றன. பக்கச் சுவரிலோ பெரிய வண்ணக் கண்ணாடிச் சாளரமும் அதன் முன் மெல்லிய தூண்களின் வரிசையும் உள்ளன. கூரையிலும் கண்ணாடி பதிக்கப்பட்டிருப்பதால் உட்கூடம் ஒளி பெறுகின்றது.

இங்கு இரு பொருள்கள் ஒருங்கே உணர்த்தப்படுகின்றன எனலாம். வெறுமையான செங்கற்பரப்பு, 'உன் பணம் இங்குக் காக்கப்படும்' என்கின்றது. வாயிலலங்காரமும் ஒளியும், 'நீ உள்ளே வரலாம்' என்கின்றன. காப்பும் வரவேற்பும் முரண்பட்ட தேவைகள். சுவருக்கு ஒன்றையும் திறப்புக்கு மற்றொன்றையும் பகிர்ந்தளித்து அம்முரணைச் சல்லிவன் தீர்த்துள்ளார்.

வங்கி நீங்கிய பின்

சிறந்த கட்டடம் வங்கியைக் காக்கும் என்பதற்கில்லை. 1920க்குப் பின் விளைபொருள் விலை வீழ்ந்தபோது சிற்றூர் வங்கிகள் பல மூடப்பட்டன. எட்டுக் கட்டடங்களுள் முதலாவதான ஒவாடன்னா தேசிய உழவர் வங்கியே 1926இல் நொடித்தது. ஆயினும் கட்டடங்கள் வேறு பயன்களை ஏற்றன. கிரின்னெல் கட்டடம் 1976இல் தேசிய வரலாற்றுச் சின்னமாக ஏற்கப்பட்டது. வங்கி நீங்கிய பின்னர் ஊரின் வணிகர் சங்கத்துக்கு இடமாயிற்று. சீடர் ராபிட்ஸ் வங்கிக் கட்டடம் 2008ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்துக்குப் பின் உணவகமாயிற்று.

இதனோடு ஒப்பிடத்தக்கது சிக்காகோ பங்குச் சந்தைக் கட்டடத்தின் முடிவு. ஆட்லரும் சல்லிவனும் 1894இல் கட்டி முடித்த அக்கட்டடம் 1972இல் இடிக்கப்பட்டது. அதன் அலங்காரங்களை மீட்கச் சென்ற ஒளிப்படக் கலைஞர் ரிச்சர்ட் நிக்கல் இடிபாட்டில் சிக்கி உயிரிழந்தார். படைத்தவர் புகழே கட்டடத்தைக் காக்கும் எனில் அதுவும் பிழைத்திருக்க வேண்டும். பெருநகரத்தில் நிலத்தின் விலை கட்டடத்தை விஞ்சியது; சிற்றூரில் அந்நெருக்கடி குறைவு. ஆனால் இடிக்க வேண்டிய தேவை இல்லாமை மட்டுமே பேணுதலுக்குப் போதிய காரணமாகாது. பேணுவதற்கு ஊரார் அதனைத் தமதாகக் கருதுதல் வேண்டும்.

முடிவுரை

பணத்தைக் காப்பது மட்டுமே கிரின்னெல் கட்டடத்தின் பயன் எனக் கொண்டால், வங்கி வெளியேறிய நாளிலேயே அதன் வடிவம் பொருளிழந்திருக்கும். அவ்வாறு நிகழவில்லை. ஊர் மக்கள் கூடும் தெருமுனைக்கு ஒரு முகத்தை அளிப்பதும், எளிய உழவரை மதிப்போடு உள்ளே அழைப்பதும் அதன் பயனுள் அடங்கியிருந்தன. பயன் என்னும் சொல்லைச் சல்லிவன் எத்துணை விரிந்த பொருளில் கையாண்டார் என்பதை அவருடைய கட்டுரையைக் காட்டிலும் இச்சிறு கட்டடமே தெளிவாக விளக்குகின்றது. பழைய கட்டடங்களைப் பேணுவோர், அங்கு முன்பு என்ன தொழில் நடந்தது என்பதோடு, அத்தொழிலின் வழியே ஊருக்கு அவை எதை அளித்தன என்பதையும் ஆராய்தல் இன்றியமையாதது.